குதிரைப் பக்கம்

அந்த ஐப்பசி முழுக்க எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆட்டோவில் சவாரி ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போவேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும். "அண்ணாத்த, எங்க போற, கடலுக்குள்ளயா?" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். திருப்பிக்கொண்டு வருவேன்.

மகளுக்கு முதல் பிள்ளை. கூடுவாஞ்சேரியில் மாமியார் வீட்டில் இருந்தாள். வளையல் போட்டு நாங்கள்தான் கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அது எங்கள் உரிமை. செய்யாவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது. தெருவை விடுங்கள். மகள் தினமும் போன் செய்தாள்.

"நைனா, எப்ப வந்து இட்டுனு போவ?"

"வரேம்மா."

"எப்பன்னு சொல்லு."

சம்பந்தியம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. காரணம் எங்கள் வீடு.

நாங்கள் இருப்பது வீடு இல்லை. வண்டிக் கொட்டகை. சதுரங்கப்பட்டினம் தாண்டி, ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் சவுக்குத் தோப்பு. தோப்புக்கு அப்பால் மணல்மேட்டில் ஒரு பங்களா, கடலைப் பார்த்தபடி. பூட்டிக் கிடக்கிறது. கேமராவோடு வருகிறவர்கள் டச்சுக்காரன் கட்டினது என்பார்கள், கோட்டை பக்கத்தில் இருப்பதால். இல்லை, இது ரொம்பப் பிந்தியது, வெள்ளைக்காரன் காலம் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. நான் ஐந்தாவது வரைக்கும்தான். கட்டினவன் குதிரை வண்டி வைத்திருந்தான். அது மட்டும் தெரியும். பங்களாவுக்குப் பின்னால், மேற்கே, மேடு இறங்குகிற இடத்தில், வண்டிக்கும் குதிரைக்கும் தனியாக ஒரு கட்டடம் கட்டினான். அதில்தான் நான் பிறந்தேன்.

ஏன் மேற்கே என்றால், காற்று கடலிலிருந்து வருகிறது. குதிரை லத்தி நாற்றத்தை மேற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். பங்களாவுக்கு வராது. எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் தெருவையும் ஊரில் அப்படிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அதைப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கட்டடம் நீளமானது. முன்பக்கம் மூன்று வளைவுகள். இரண்டு பெரிது, அவை வண்டிப் பக்கம். ஒன்று சின்னது, அது குதிரைப் பக்கம். பெரிய வளைவுகளின் அடியில் இரண்டு ஓரமும் உருண்டைக் கல் நட்டிருக்கிறது. சக்கரம் இடித்துச் சுவர் பெயராமல் இருக்க. அந்த ஐப்பசி வரைக்கும் என் ஆட்டோவின் சக்கரம் அதில்தான் உரசும். வண்டிப் பக்கம் தரை முழங்கால் உயரம் மேடு. வண்டி ஏற முன்னால் சரிவாகக் கல் பரப்பியிருக்கிறார்கள்.

குதிரைப் பக்கம் பள்ளம். தரை முழுக்கக் கருங்கல். குளம்பு வழுக்காமல் இருக்கக் கல்லில் உளியால் கோடு கோடாகக் கொத்தி வைத்திருக்கிறார்கள். சுவரில் இரும்பு வளையங்கள். மூலையில் கல் தொட்டி, கொள்ளு போட. அதில் என் மனைவி அரிசி மூட்டை வைக்கிறாள். மேலே வைக்கோல் போட ஒரு பரண், பரணில் சதுரமாக ஒரு ஓட்டை. அந்த வழியாக வைக்கோலைத் தள்ளினால் நேராகக் குதிரை முன்னால் விழும். சுவர் உச்சியில் பிறை மாதிரி ஜன்னல்கள். அவற்றுக்குக் கதவு கிடையாது. குதிரைக்காரன் படுத்த அறைதான் எங்கள் சமையல்கட்டு. வண்டிப் பக்கம் போக நடுச்சுவரில் ஒரு கதவு.

நடுவில் ஒரு வாய்க்கால். ஒரு சாண் அகலம். வளைவுக்கு வெளியே முற்றத்தில் ஆரம்பிக்கும். வண்டி கழுவின தண்ணீர் அதில் இறங்கி, வாசற்படிக்கு அடியில் நுழைந்து, குதிரைப் பக்கத்து நடுவில் ஓடி, மூத்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, பின்சுவரில் இருக்கிற பொந்து வழியாகத் தென்னங்குழிக்குப் போகும். தரை இரண்டு பக்கமிருந்தும் அந்த வாய்க்காலுக்குச் சரிந்திருக்கும். கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். நாங்கள் கட்டிலின் ஒரு பக்கக் காலுக்குச் செங்கல் வைத்துப் படுத்தோம்.

என் அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வந்தவர். அப்போதிருந்த முதலாளி அவரிடம், "குதிரைப் பக்கம் படுத்துக்கோ. வண்டிப் பக்கம் காலியா இருக்கட்டும், கார் வரும்" என்று சொன்னாராம். கோடையில் கார் வந்தது. அப்புறம் வரவில்லை. அவர் மகன் சென்னையில் இருக்கிறார், இப்போது அவர்தான் முதலாளி. தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் இருந்துகொள்கிறோம். எப்போதாவது போன் செய்வார். யாரோ ஓட்டல் கட்ட இடம் பார்க்க வரப்போகிறார்கள் என்பார். வந்ததில்லை. முடிக்கும்போது, "வண்டிப் பக்கம் காலியா இருக்குல்ல?" என்று கேட்பார். "கீதுங்க" என்பேன். ஆட்டோ வாங்கினதும் அங்கே நிறுத்தினேன். வண்டிதானே. அது காலி என்றுதான் கணக்கு.

மகளுக்குக் கல்யாணம் ஆன புதிதில் சம்பந்திகள் விருந்துக்கு வந்தார்கள். பாய் விரித்து உட்கார வைத்தோம். மனைவி வெற்றிலைத் தட்டு கொண்டுவந்து வைத்தாள். தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. உருண்டு, சம்பந்தியம்மா கால் பக்கம் போய், அவரைத் தாண்டி, வாய்க்காலில் விழுந்து, பின்சுவர் வரைக்கும் போய்விட்டது.

"இன்னாது, அதுபாட்டுக்கு ஓடுது?" என்றார் சம்பந்தியம்மா.

"வாட்டம் கீதுங்க" என்றாள் என் மனைவி.

"கப்பலு மாரி சாஞ்சிகினு கீதே." எழுந்து சுவரில் இருந்த வளையத்தைத் தொட்டார். "மாடு கட்ற எடமா?"

"குதிரங்க."

"குதிரையா! எத்தினி?"

"இப்ப ஒண்ணியும் இல்லீங்க" என்றேன்.

சம்பந்தி சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மறைமலை நகரில் கம்பெனி வேலை. அவர்கள் அடுக்குமாடியில் இருக்கிறவர்கள்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபின் அந்தம்மாவே போன் செய்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. குதிர நின்ன தரையில புள்ளத்தாச்சிய நடக்க வுட முடியாது. கோணலா கீது. இடறி உழுந்தா யாரு பதில் சொல்றது? தரைய சரி பண்ணுங்க. வளையல் போட்ட அன்னிக்கு நானும் கூட வரேன். ஒரு நாள் இருந்து பாக்கறேன். சரியில்லன்னா அவள திரும்ப இட்டுனு வந்துருவேன். சொல்லிட்டேன்."

பேச்சு கடுசு. ஆனால் சொன்னதில் தப்பில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். "குதிரைப் பக்கம்தானே? என்ன வேணா பண்ணிக்கோ. செவுத்த இடிக்காத" என்றார்.

என் மச்சான், மனைவியின் தம்பி, டைல்ஸ் போடுகிறவன். அவனே வந்தான். வளைவைத் தாண்டி உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா, ஆண்டவரே மாட்டுக் கொட்டாய்லதான் பொறந்தாரு. சம்மந்தியம்மா கோயிலுக்குப் போறதில்லியா?"

"ஆண்டவரோட அம்மா டைல்ஸ் கேக்கல" என்றாள் மனைவி. "பேசிகினு நிக்காம வேலையப் பாரு."

பள்ளத்தில் மண்ணும் ஜல்லியும் கொட்டினோம். வாய்க்கால் வந்ததும் மச்சான் கரணையை வைத்துவிட்டு நின்றான்.

"க்கா, இத்த இன்னா பண்றது?"

"மூடிடு. அந்த ஓட்ட வழியா பெருச்சாளி வந்துகினே கீது. பேஜாரு."

"மழத் தண்ணி?"

"அதான் மேல ஏத்திட்டியே. தண்ணி எப்பிடி உள்ள வரும்?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மழைக்காலத்தில் முற்றத்துத் தண்ணீர் உள்ளே வரும், வாய்க்காலில் ஓடும், போய்விடும். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம். எங்கே போகிறது என்று யாரும் யோசித்ததில்லை. போனது, அவ்வளவுதான். பின்சுவர்ப் பொந்தைச் செங்கல் வைத்து சிமெண்டு பூசினான். மேலே வெள்ளை டைல்ஸ். பளபளவென்று இருந்தது. கட்டில் காலுக்கு வைத்த செங்கற்களை எடுத்து வெளியே போட்டேன்.

எல்லாம் காய்ந்ததும் மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். நின்றது.

"மொறச்சிகினு நிக்குது பாரு" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

கூடுவாஞ்சேரியில் வளையல் போட்டார்கள். உபதேசியார் ஜெபம் பண்ணினார். மகளின் கை முழங்கை வரைக்கும் வளையல். வேனில் ஏறினதும் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சம்பந்தியம்மா முன்சீட்டில், மடியில் பையோடு. செங்கல்பட்டு தாண்டும்போது தூறல். திருக்கழுக்குன்றத்தில் நல்ல மழை. டிரைவர் புயல் சின்னம் என்றான். நான் திரும்பித் திரும்பி வானத்தைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா டைல்ஸைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். குனிந்து கையால் தடவினார்.

"ம்" என்றார். அது சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து மழை விடவில்லை. மின்சாரம் போனது. நாஸ்தா முடித்துவிட்டு எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

"செத்த உக்காருங்கண்ணே. எங்களுக்கே மயக்கமா கீது" என்றார் சம்பந்தியம்மா.

உட்கார்ந்தேன். எழுந்தேன். முற்றத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். எப்போதும் ஓடும். அன்றைக்கு நின்றது. மணல்மேட்டிலிருந்து வருவது வந்துகொண்டே இருந்தது. போவதற்கு வழி இல்லை. தண்ணீரின் விளிம்பு வாசற்படிக் கல்லைத் தொட்டு, கொஞ்சம் ஏறி, படியைத் தாண்டி டைல்ஸ் மேல் மெதுவாகப் பரவியது.

மனைவி துடைப்பத்தால் தள்ளினாள். தள்ளினது திரும்பி வந்தது. நான் வாளியில் மொண்டு வெளியே ஊற்றினேன். குளத்தில் மொண்டு குளத்தில் ஊற்றுகிற வேலை. மதியம் தாண்டுவதற்குள் கணுக்கால் அளவு ஆனது. மகள் பாத்ரூம் போக வேண்டும் என்று கட்டிலிலிருந்து காலை வைத்தாள். ஈர டைல்ஸ். கால் சர்ரென்று போனது.

சம்பந்தியம்மா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்தார்கள். வளையல்கள் மொத்தமாகக் குலுங்கின. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணியும் இல்ல. நல்லாத்தான் கீறேன்" என்றாள் மகள். முகம் வெளுத்திருந்தது.

சம்பந்தியம்மா மூச்சு வாங்கினார். "கண்ணாடி மாரி வழுக்குது. யாரு இந்த டைல்ஸ போட சொன்னது?"

"நீங்கதான்" என்றாள் என் மனைவி.

நான் சமையல்கட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தேன். வாய்க்கால் எங்கே ஓடும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும். வாசற்படிக்கு நடுவிலிருந்து பின்சுவருக்கு. தண்ணீருக்குள்ளேயே குத்தினேன். டைல்ஸ் உடைந்தது.

"யோவ், புதுசுய்யா!" என்று கத்தினாள் மனைவி.

"தெரியும்."

குத்திக்கொண்டே போனேன். பின்னால் சலசலவென்று சத்தம். திரும்பினால் சம்பந்தியம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, உடைந்த துண்டுகளை எடுத்து ஒரு ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஜல்லியைக் கையாலேயே வாரினார்.

"நீங்க ஏங்க? நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துகினதுதான் தெரியுதே. குத்துங்க."

பின்சுவர்ப் பொந்தை உள்ளிருந்து உடைக்க முடியவில்லை. மச்சான் நன்றாகத்தான் பூசியிருந்தான். மழையில் வெளியே ஓடி, சுவரைச் சுற்றிப்போய், தென்னங்குழிப் பக்கமிருந்து குத்தினேன். செங்கல் உள்ளே போனது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு தேங்காய் நார்க் கொத்து வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் என் காலில் மோதிக்கொண்டு வந்தது. ஜல்லி, டைல்ஸ் சில்லு, சம்பந்தியம்மாவின் ஒரு செருப்பு. செருப்பை மட்டும் பிடித்தேன்.

உள்ளே வந்தபோது மூன்று பெண்களும் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் முற்றத்துத் தண்ணீர் ஒரு ஓடை மாதிரி ஓடியது. மீதித் தரையில் டைல்ஸ் சேறாகக் கிடந்தது. செருப்பைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு, மழை விட்டதும் போகிறேன் என்று. என்ன பதில் சொல்வது என்று யோசித்தேன்.

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. நடுச்சுவரில் இருக்கிற கதவு வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே."

"சொல்லுங்க."

"அங்க மட்டும் எப்பிடி காஞ்சி கீது?"

போய்ப் பார்த்தேன். வண்டிப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. கல் தரை வறண்டு, தூசி கூட அப்படியே இருந்தது. நடுவில் என் ஆட்டோ சொகுசாக நின்றுகொண்டிருந்தது.

"அது மேடுங்க. வண்டிக்குக் கட்டினது. தோலு, மரம்லாம் ஈரத்துல கெட்டுப்பூடும்னு."

"அப்ப நீங்க?"

"நாங்க குதிரப் பக்கம்."

"யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று சொல்லப் போனேன். சொன்னவர் செத்து ரொம்ப நாள் ஆகிறது. கேட்டவரும் போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லவே இல்லை. நான் பிறந்ததிலிருந்து அங்கே படுத்தேன், அவ்வளவுதான். என் மனைவி கல்யாணமாகி வந்ததும் அங்கே படுத்தாள். மகளையும் அங்கேதான் வளர்த்தோம். மழைக்கு மழை காலைத் தூக்கிக்கொண்டு, காய்ந்த இடத்தை வண்டிக்கு விட்டுவைத்திருந்தோம்.

மனைவி கதவண்டை வந்து நின்றாள். அவளும் பார்த்தாள். கொஞ்சம் கழித்து, "ஆட்டோவ வெளிய எடுய்யா" என்றாள்.

எடுத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளினேன். சரிவுக்கல்லில் தானாக இறங்கி மழையில் போய் நின்றது. மேலே ஒரு தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். நானும் மனைவியும் கட்டிலைத் தூக்கிக் கதவு வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோனோம். நான்கு காலும் தரையில் சரியாக உட்கார்ந்தன. பெரிய வளைவுகளுக்கு ஒரு புடவை, ஒரு பிளாஸ்டிக் சாக்கு. மகள் படுத்துக்கொண்டு மேலே பார்த்தாள். அங்கே கூரை ரொம்ப உயரம்.

"காத்து நல்லா வருது நைனா" என்றாள்.

சம்பந்தியம்மா மறுநாளும் போகவில்லை. ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் ரோடு சரியானது. அந்தம்மா மகனுக்குப் போன் செய்ததை வாசலில் நின்று கேட்டேன்.

"அவ இங்கியே இருக்கட்டும்டா. நல்லாத்தான் கீது. இல்ல, அந்தப் பக்கம் இல்ல. அது வேற. நீ வந்து பாரு. வரும்போது என் ரெண்டு பொடவைய எடுத்துனு வா."

என்னைப் பார்த்ததும், "இன்னாண்ணே, இன்னும் நடந்துகினேதான் கீறீங்களா?" என்றார்.

மச்சான் வந்து குதிரைப் பக்கத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். மறுபடி போட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள் மனைவி. மீதி டைல்ஸையும் பெயர்த்து, அடியில் கொட்டின மண்ணையும் ஜல்லியையும் வாரிவிட்டோம். கீழே கருங்கல் அப்படியே இருந்தது, உளிக்கோடு கூட அழியாமல். இப்போது ஆட்டோவை அங்கே நிறுத்துகிறேன். சின்ன வளைவு, சக்கரம் மட்டுமட்டாகத்தான் நுழைகிறது. கழுவினால் தண்ணீர் வாய்க்காலில் ஓடிவிடுகிறது.

மார்கழிக் கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். வண்டிப் பக்கத்து உத்தரத்தில் கயிறு போட்டு, பழம்புடவையில் ஏணை கட்டினோம். நான் ஏணிமேல், சம்பந்தியம்மா கீழே. "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி" என்று அந்தம்மா என்னை உத்தரம் முழுக்க நகர்த்தினார்.

அந்த வாரம் முதலாளி போன் செய்தார். நான் முற்றத்தில் இருந்தேன். ஓட்டல்காரர்கள் இந்தத் தடவை நிச்சயமாக வருகிறார்களாம். பங்களாவைத் திறந்து பெருக்கி வைக்கச் சொன்னார். சரி என்றேன். போனை வைக்கப் போகும்போது கேட்டார்.

"வண்டிப் பக்கம் காலியா இருக்குல்ல?"

உள்ளே குழந்தை சிணுங்கியது. ஏணையை யாரோ ஆட்டினார்கள். கயிறு உத்தரத்தில் கிரீச்சென்றது.

"இல்லீங்க" என்றேன். "ஆளு கீது."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தேன்.